சமவெளியின் கல்விக்கூடங்கள் – 9: சங்கம் சேராத பாடங்கள்

காந்திகிராமத்தின் தொடக்க ஆண்டுகளைச் சென்ற இதழில் 1956 வரை கொண்டுவந்து நிறுத்தியிருந்தோம். டாக்டர் டி.எஸ். சௌந்தரமும் ஜி. ராமச்சந்திரனும் 1947-ல் சின்னாளபட்டிக்கு அருகே தொடங்கிய நிறுவனம், ஒன்பது ஆண்டுகளில் கிராமிய உயர்கல்வி நிலையம் ஒன்றைப் பெற்றுவிட்டது. கதையை அங்கிருந்து நகர்த்துவதற்கு முன்னால் ஒரு கேள்வியைத் தீர்த்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. மனித மனத்தையும் சமூகத்தையும் பற்றிய படிப்பு ஏதோ ஒரு வடிவில் இந்தத் திண்டுக்கல் சமவெளியின் வகுப்பறைகளுக்குள் நுழைந்து எழுபது ஆண்டுகள் ஆகின்றன. பூட்டுத் தொழிலாளர்களும் தோல் பதனிடும் தொழிலாளர்களும் சங்கம் கண்ட ஊர் திண்டுக்கல். கல்லூரி ஆசிரியர்களும் இங்கே சங்கத்துக்குப் புதியவர்கள் அல்லர். ஆனால் சமூகவியலையும் உளவியலையும் கற்பிப்பவர்கள், அந்தப் பாடங்களின் பெயரால் கூடி நிலைத்த ஓர் அமைப்பு இங்கே வேரூன்றவில்லை. அக்கறை போதவில்லை என்பார் சிலர், வேலை நிரந்தரமில்லை என்பார் சிலர். இரண்டும் பாதிக் காரணங்கள்தான் என்பது என் வாதம். ஓர் ஆசிரியர் ஓரிடத்தில் போட்ட மதிப்பெண்ணை வேறோர் இடத்தில் வேறோர் ஆசிரியர் ஏற்றாக வேண்டும் என்ற நிலை வரும்போதுதான் பாட ஆசிரியர்களுக்கு ஒரு சங்கம் தேவைப்படுகிறது. அந்த நிலை இந்தச் சமவெளியில் இந்தப் பாடங்களுக்கு வரவே இல்லை.

கிராமிய உயர்கல்வி என்ற எண்ணம் எங்கிருந்து வந்தது என்று பார்த்தால் வேடிக்கையான ஒரு சுற்று தெரியும். 1948-ல் அமைந்த ராதாகிருஷ்ணன் ஆணையத்தின் உறுப்பினர்களில் ஒருவர் ஆர்தர் மார்கன் என்ற அமெரிக்கர். பொறியாளர், டென்னசி பள்ளத்தாக்குத் திட்டத்தின் முதல் தலைவர், ஆன்டியோக் கல்லூரியை நடத்தியவர், சிறு சமூகங்களின் வாழ்வைப் பற்றி நூல் எழுதியவர். கிராமப் பல்கலைக்கழகங்கள் வேண்டும் என்று அந்த ஆணையத்தின் அறிக்கை வற்புறுத்தியதில் அவருடைய கை பெரிது. அவர் இங்கே வருவதற்குச் சற்று முன்பு, 1947-ல், அமெரிக்காவில் ட்ரூமன் அமைத்த உயர்கல்வி ஆணையம் ஊருக்கு ஊர் இரண்டாண்டுச் சமுதாயக் கல்லூரிகள் திறக்கப்பட வேண்டும் என்று பரிந்துரைத்திருந்தது. உள்ளூர் மக்களுக்காக உள்ளூரிலேயே ஒரு கல்லூரி என்ற கனவை இரு நாடுகளும் ஏறக்குறைய ஒரே காலத்தில் கண்டன. ஆனால் கனவை நிறைவேற்றிய விதம் அடியோடு வேறு. சங்கம் பற்றிய நம் கேள்விக்கான விடை அந்த வேறுபாட்டில்தான் இருக்கிறது.

இங்கே கே.எல். ஸ்ரீமாலி தலைமையிலான குழுவின் பரிந்துரைப்படி 1956-ல் கிராமிய உயர்கல்விக்கான தேசியக் குழு அமைந்தது. காந்திகிராமம், கோவைக்கு அருகே பெரியநாயக்கன்பாளையம் ராமகிருஷ்ண வித்யாலயம், சாந்திநிகேதனை அடுத்த ஸ்ரீநிகேதன், தில்லி ஜாமியா மில்லியா என நாடெங்கும் கிராமிய நிலையங்கள் தொடங்கின. மூன்றாண்டு கிராமியச் சேவைப் பட்டயம்தான் அவற்றின் தலையாய படிப்பு. மாணவர்கள் கிராமங்களில் போய்த் தங்கினார்கள். தெரு எத்தனை, கிணறு எத்தனை, எந்தக் கிணற்றில் யார் தண்ணீர் எடுக்கலாம், எந்த வீட்டில் யார் பள்ளிக்குப் போகவில்லை என்று எழுதிக்கொண்டு வந்தார்கள். சாதிக்கும் நிலத்துக்கும் உள்ள உறவை நூலகத்தில் தேடாமல் தெருவிலேயே கண்டறிவது எவ்வகையில் பார்த்தாலும் சமூகவியல்தான். ஆனால் கால அட்டவணையில் அது கிராமப் பணி, விரிவாக்கம், சமுதாய வளர்ச்சி. அதைக் கற்பித்தவர்களும் தங்களைச் சமூகவியல் ஆசிரியர்கள் என்று எண்ணியதாகத் தெரியவில்லை. எண்ணியிருக்க வேண்டிய தேவையும் எழவில்லை. அந்தப் பட்டயத்தை வேலைக்கு ஒரு பட்டத்துக்கு இணையாக அரசு ஏற்றது. முதுகலைச் சேர்க்கைக்கு ஏற்பதில்தான் பல்கலைக்கழகங்கள் தயங்கின. தயங்கிய பல்கலைக்கழகத்தை இணங்க வைக்க இரண்டு வழிகள் இருந்தன. ஆசிரியர்கள் கூடி, இந்தத் தாளில் இவ்வளவு சமூகவியல் இருக்கிறது, உங்கள் முதலாண்டுத் தாளுக்கு இது ஈடு என்று பாடவாரியாக வாதாடியிருக்கலாம். அல்லது நிறுவனமே பல்கலைக்கழகமாகிவிடலாம். காந்திகிராமம் இரண்டாவது வழியைப் பிடித்தது. 1976-ல் அது நிகர்நிலைப் பல்கலைக்கழகம் ஆனது. மற்ற கிராமிய நிலையங்களில் பலவும் சாதாரணக் கல்லூரிகளாகக் கரைந்துபோன நிலையில் இது பெரிய வெற்றி, அதில் ஐயமில்லை. ஆனால் தன் பட்டத்தைத் தானே வழங்கும் நிறுவனத்தின் ஆசிரியர் தன் பாடத்தைப் பற்றி வெளியார் எவரிடமும் பேசி ஒப்புதல் வாங்க வேண்டியதில்லை. சங்கம் உருவாகியிருக்கக்கூடிய ஒரு வாய்ப்பு அந்த வெற்றியிலேயே மறைந்துவிட்டது.

அமெரிக்காவில் நடந்தது இதற்கு நேர் எதிர். 1901-ல் இல்லினாய் மாநிலத்தின் ஜோலியெட் நகரில் தொடங்கிய பொது இளநிலைக் கல்லூரிதான் அவ்வகையில் இன்றுவரை நீடிப்பவற்றில் மூத்தது என்பார்கள். சிகாகோ பல்கலைக்கழகத்தின் வில்லியம் ரெய்னி ஹார்ப்பர் அதன் பின்னணியில் இருந்தவர். முதல் இரண்டு ஆண்டுகளை ஊரிலேயே படித்துவிட்டு மாணவர் பல்கலைக்கழகத்தில் மூன்றாம் ஆண்டில் சேரலாம் என்பதுதான் திட்டத்தின் உயிர். அப்படி மாறுகிற மாணவர் கையில் கொண்டுபோகும் தாள்களில் உளவியல் அறிமுகமும் சமூகவியல் அறிமுகமும் தவறாமல் இருக்கும். ஆகவே ஒரு சிற்றூர்க் கல்லூரியில் உளவியல் அறிமுகத்தில் என்ன சொல்லித் தரப்படுகிறது என்பது அந்த ஊரோடு முடியும் விஷயமாக இல்லை. மாநிலப் பல்கலைக்கழகத்தின் துறைத் தலைவர் அதை ஏற்க வேண்டும். ஏற்க மறுத்தால் மாணவருக்கு ஓர் ஆண்டும் பணமும் போகும், கல்லூரிக்குப் பெயர் போகும். வீட்டில் அரிசி அளக்க எந்தக் குவளையும் போதும், ஒட்டன்சத்திரம் மண்டிக்குக் காய் கொண்டுவருபவருக்குத்தான் முத்திரையிட்ட எடைக்கல் வேண்டும். அமெரிக்க உளவியல் சங்கம் 1945-ல் கற்பித்தலுக்கென்றே ஒரு பிரிவைக் கண்டது. 1970-களில் உளவியல் கற்பித்தலுக்கும் சமூகவியல் கற்பித்தலுக்கும் தனித்தனி ஆய்விதழ்கள் பிறந்தன. பின்னாளில் சமுதாயக் கல்லூரி ஆசிரியர்களுக்கென்றே தனி உறுப்பினர் வகையையும் தனிக் குழுவையும் அந்தச் சங்கம் ஏற்படுத்தியது. அறிமுகத் தாளில் எவை கட்டாயம் இருக்க வேண்டும், ஆய்வுக்கூடப் பயிற்சி எவ்வளவு, மதிப்பீடு எப்படி என்பவையே அவர்கள் கூடிப் பேசிய பொருள்கள். பார்க்க அலுப்பூட்டும் பொருள்கள்தான். ஆனால் ஒரு சங்கத்தை ஆண்டுதோறும் கூட வைப்பவை பெரும்பாலும் அலுப்பூட்டும் பொருள்களே.

இந்தியாவில் இந்தப் பாடங்களுக்குச் சங்கமே இல்லையா என்று உடனே கேட்கத் தோன்றும். உண்டு, பழையவையும் உண்டு. கல்கத்தாப் பல்கலைக்கழகம் 1916-ல் உளவியல் துறை தொடங்கியது. நரேந்திரநாத் சென்குப்தா அதற்குப் பொறுப்பு. அடுத்த பத்தாண்டுக்குள் இந்திய உளவியல் சங்கம் தோன்றி, 1926-ல் ஆய்விதழும் வந்துவிட்டது. சென்னைப் பல்கலைக்கழகத்தில் 1940-களில் ஜி.டி. போவாஸ் உளவியல் துறையைக் கட்டினார். பயன்முறை உளவியலுக்கான இந்தியக் கழகம் 1962-ல் உருவாயிற்று. சமூகவியலில் பம்பாய் முந்திக்கொண்டது: 1919-ல் பாட்ரிக் கெடஸ் தலைமையில் துறை, 1951-ல் ஜி.எஸ். குர்யே முன்னின்று அமைத்த இந்தியச் சமூகவியல் கழகம், 1952-ல் அதன் இதழ். இவையெல்லாம் மாணவர் மாற்றம் இல்லாமலேயே தோன்றியவை, அப்படியிருக்க என் வாதம் நிற்குமா என்று ஒருவர் கேட்கலாம். நிற்கும் என்றே நினைக்கிறேன். இந்தக் கழகங்கள் பிறந்தது ஆய்வுக்காக. ஒருவர் எழுதிய கட்டுரையை அவரை அறியாத வேறொருவர் படித்து ஏற்க வேண்டும் என்பதே ஆய்வுலகின் விதி. ஆகவே அங்கே இதழ் வேண்டியிருந்தது, இதழை நடத்தக் கழகம் வேண்டியிருந்தது. பிறர் ஏற்க வேண்டிய பொருள் கட்டுரையாக இருந்த இடத்தில் ஆய்வாளர் கழகம் எழுந்தது, மதிப்பெண்ணாக இருந்த இடத்தில் ஆசிரியர் சங்கம் எழுந்தது. நிலக்கோட்டையிலோ வேடசந்தூரிலோ வாரத்துக்குப் பதினாறு மணி நேரம் வகுப்பெடுப்பவரிடம் இந்த இரண்டில் எதுவும் எதிர்பார்க்கப்படவில்லை.

கல்லூரி ஆசிரியர் சங்கத்தின் கதையும் இதையே மறுபக்கத்திலிருந்து காட்டுகிறது. மதுரைப் பல்கலைக்கழகம் 1966-ல் பிறந்தது. அதன் கீழிருந்த கல்லூரிகளின் ஆசிரியர் சங்கத்தை எல்லோரும் மூட்டா என்றே அழைப்பார்கள். நிர்வாகம் நினைத்தால் ஆசிரியரை வீட்டுக்கு அனுப்பலாம் என்றிருந்த காலத்துக்கு 1976-ன் தமிழ்நாடு தனியார் கல்லூரிகள் முறைப்படுத்தல் சட்டம் ஒரு வரம்பு கட்டியது. காந்திகிராமம் நிகர்நிலை ஆனதும் அதே 1976 என்பது தற்செயல்தான், என்றாலும் கவனிக்கத் தக்க தற்செயல். பிறகு 1984-ல் கொடைக்கானலில் அன்னை தெரசா மகளிர் பல்கலைக்கழகம், 1985-ல் அழகப்பா, 1990-ல் மனோன்மணியம் சுந்தரனார் என்று பல்கலைக்கழகங்கள் பெருகின. திண்டுக்கல்லும் 1985 செப்டம்பரில் மதுரையிலிருந்து பிரிந்து தனி மாவட்டமாயிற்று. மூட்டா உடையவில்லை. மதுரை காமராசர், மனோன்மணியம் சுந்தரனார், அன்னை தெரசா, அழகப்பா என நான்கையும் தன் முழுப்பெயருக்குள் வரிசையாக அடுக்கிக்கொண்டு ஒரே சங்கமாகத் தொடர்ந்தது. ஒரே மூச்சில் சொல்ல முடியாத பெயர், ஆனால் அதற்குள் ஒரு வரலாறு இருக்கிறது. சம்பளம் தருவது ஒரே அரசு, அரசாணை ஒன்று, சட்டம் ஒன்று. அதனால் பல்கலைக்கழக எல்லைகள் சங்கத்தைப் பிரிக்கவில்லை. பாடத்தின் நிலைமை அப்படியில்லை. திண்டுக்கல் ஜி.டி.என். கலைக் கல்லூரிக்குப் பாடத்திட்டம் மதுரையின் மரபில் வந்தது. அதே ஊரின் எம்.வி. முத்தையா அரசு மகளிர் கலைக் கல்லூரி கொடைக்கானல் மலையைப் பார்த்தது. பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் தள்ளி காந்திகிராமம் தனக்குத் தானே பாடத்திட்டம் எழுதிக்கொண்டது. ஒரே நகரப் பேருந்தில் ஏறி இறங்கும் மூன்று ஆசிரியர்கள் மூன்று பாடத்திட்டக் குழுக்களுக்குப் பதில் சொல்பவர்கள். ஊதியக் குழு அறிக்கை வந்தால் மூவரும் ஒரே பந்தலில் உட்கார்வார்கள். பாடத்தைப் பற்றி மட்டும் அவர்கள் ஒருவருக்கொருவர் பதில் சொல்ல வேண்டியதில்லை.

இந்தப் பின்னணியில்தான் சமுதாயக் கல்லூரிகள் வந்தன. 1995-ல் புதுவைப் பல்கலைக்கழகம் ஒன்றைத் தொடங்கியது. 1996-ல் சென்னை-மயிலை உயர்மறைமாவட்டம் சென்னைச் சமுதாயக் கல்லூரியைத் திறந்தது. இயேசு சபையைச் சேர்ந்த சேவியர் அல்போன்ஸ் அடிகளார் அதற்கென ஓர் ஆய்வு மேம்பாட்டு மையத்தை நடத்தி, இந்த மாதிரியைத் தமிழகமெங்கும் பிற மாநிலங்களுக்கும் கொண்டுபோனார். பள்ளியை விட்டவர், பிளஸ் டூவில் தவறியவர், ஆலையில் வேலை பார்த்துவிட்டு வீடு திரும்பிய பெண் ஆகியோருக்கான கல்லூரி இது. அமெரிக்கப் பெயர்தான், உள்ளே இருந்தது வேறு சரக்கு. படிப்பு ஏறக்குறைய ஓராண்டு. முதல் மாதங்களில் வாழ்க்கைத் திறனும் தொழில் திறனும், பின் மருத்துவமனையிலோ பட்டறையிலோ அலுவலகத்திலோ நேரடிப் பயிற்சி, முடிவில் வேலை. மேற்படிப்புக்கான ஏணியாக இது அமைக்கப்படவில்லை, வேலைக்கான வாசலாகவே அமைக்கப்பட்டது. அந்த மாணவர்களின் நிலையைப் பார்த்தால் இந்தத் தேர்வைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை.

வாழ்க்கைத் திறன் வகுப்பு எது என்று கிட்டே போய்ப் பார்க்க வேண்டும். தன்னை அறிதல், பிறர் நிலையில் நின்று பார்த்தல், முடிவெடுத்தல், உணர்ச்சிகளையும் மன அழுத்தத்தையும் கையாளுதல் என உலக சுகாதார நிறுவனம் 1990-களில் வகுத்த பத்துத் திறன்களின் பட்டியல் இன்று இத்தகைய வகுப்புகளின் பொதுச்சொத்து. இதெல்லாம் உளவியல் ஆகுமா, தன்னம்பிக்கைப் பேச்சுத்தானே என்று பல்கலைக்கழகத் துறைகளில் உதட்டைப் பிதுக்குபவர்கள் உண்டு. செவிலியர் உதவியாளர் பயிற்சிக்கு வந்திருக்கும் 17 வயதுப் பெண்ணிடம் கோபத்தைப் பற்றிப் பேச ஓர் ஆசிரியருக்கு என்னவெல்லாம் தெரிந்திருக்க வேண்டும் என்று யோசித்துப் பாருங்கள். வெறுப்பு எப்போது வன்மமாக மாறுகிறது, அடங்கிப் போகிறவள் உண்மையில் அடங்கியிருக்கிறாளா, தூக்கமின்மைக்கும் பதற்றத்துக்கும் என்ன தொடர்பு, எந்த இடத்தில் வகுப்பை நிறுத்திவிட்டு மருத்துவரிடம் அனுப்ப வேண்டும் என்பவை பட்டப்படிப்பு உளவியலின் முதலாண்டுத் தாள்களில் உள்ளவையே. அந்தப் பெண் இதற்கு முன் நூற்பாலை விடுதியில், சுமங்கலித் திட்டம் என்று பெயர் பெற்ற ஒப்பந்த முறையில், திருமணச் செலவுக்காக வேலை பார்த்தவளாகவும் இருக்கலாம். அப்போது குடும்பம், சாதி, வரதட்சிணை, கூலி ஆகியவற்றின் சமூகவியல் தெரியாமல் அவளுடைய பதற்றத்தை அவளுடைய குணக்கோளாறு என்று சொல்லிவிடும் ஆபத்தும் இருக்கிறது. இரண்டு பாடங்களும் ஒரே வகுப்பில் ஒருசேரத் தேவைப்படும் இடம் இது. பல்கலைக்கழகத் துறைகளில்கூட இவ்வளவு நெருக்கமாக அவை சந்திப்பதில்லை. ஆனால் இந்த வகுப்புக்கு வெளியே எந்தக் கல்லூரியும் அந்த மதிப்பெண்ணைக் கேட்டு வருவதில்லை. வேலை தருபவர் பார்ப்பதோ தொழில் திறனை. ஆகவே வாழ்க்கைத் திறனை ஒரு கல்லூரியில் சமூகப்பணி படித்தவரும், இன்னொன்றில் ஆங்கில ஆசிரியரும், வேறொன்றில் அருட்சகோதரியும் தத்தம் வழியில் நடத்தினாலும் யாருக்கும் இடறாது. இடறாத இடத்தில் கூட்டம் கூட்டவும் அவசியமில்லை.

வேலை நிரந்தரமின்மையே உண்மைக் காரணம் என்ற மறுப்புக்கு வருகிறேன். தொகுப்பூதியத்தில், மணிக்கணக்கில், அடுத்த ஆண்டு இருப்போமா என்று தெரியாமல் இருப்பவர் பாடத்துக்காகச் சங்கம் அமைப்பாரா என்று கேட்பதில் நியாயம் உண்டு. ஆனால் சில உண்மைகள் அதை முழுக் காரணமாக ஏற்கவிடாமல் தடுக்கின்றன. அமெரிக்கச் சமுதாயக் கல்லூரிகளிலும் பகுதிநேர ஆசிரியர்களே பெரும்பான்மை, அப்படியும் அங்கே பாடச் சங்கங்கள் இருக்கின்றன. தமிழகத்தில் கௌரவ விரிவுரையாளர்கள் நிரந்தரமற்ற நிலையிலேயே ஊதியத்துக்காகச் சங்கம் அமைத்துத் தெருவில் இறங்கியிருக்கிறார்கள், சங்கம் அமைக்கும் துணிவு அவர்களிடம் இல்லாமலில்லை. மறுபுறம், உதவிபெறும் கல்லூரிகளில் 1980-களில் நிரந்தரப் பணியில் இருந்தவர்களும் இந்தச் சமவெளியில் பாடவாரியாகக் கூடி நிலைக்கவில்லை. நிரந்தரப் பணி ஒரு வசதி, அவ்வளவே. அதைவிட வலுவான மறுப்பு எண்ணிக்கை பற்றியது. உளவியலோ சமூகவியலோ முதன்மைப் பாடமாக உள்ள கல்லூரிகள் இந்த வட்டாரத்தில் மிகக் குறைவு. வணிகவியலுக்கும் ஆங்கிலத்துக்கும் கிடைக்கும் கூட்டம் இவற்றுக்கு இல்லை. மாநிலப் பாடத்திட்டத்தின் மேல்நிலை வகுப்புகளில் இவை தலைகாட்டாததால் மாணவர்கள் தேடி வருவதும் குறைவு. இதை மறுக்க முடியாது. கல்வியியல் கல்லூரியின் உளவியல் தாள், சமூகப்பணித் துறை, வாழ்க்கைத் திறன் வகுப்பு என்று சிதறிக் கிடப்பவர்களைச் சேர்த்தால் எண்ணிக்கை கொஞ்சம் கூடும், ஆனால் அவர்களைச் சேர்க்க ஒரு காரணம் வேண்டுமே.

மூட்டா போதாதா என்பது இன்னொரு கேள்வி. தொழிற்சங்கம் கல்விக் கொள்கை பற்றிப் பேசத்தான் செய்கிறது, நன்றாகவே பேசுகிறது. ஆனால் மன அழுத்தம் பற்றிய பாடத்தில் எதை விடலாம், எதை விடக்கூடாது என்று எல்லாத் துறை ஆசிரியர்களும் உள்ள பொதுக்குழுவில் வாக்கெடுப்பு நடத்த முடியாது. இதற்குக் கருத்தரங்குகள் இருக்கின்றனவே என்பாரும் உண்டு. 2010-ல் பல்கலைக்கழக மானியக் குழு பதவி உயர்வைப் புள்ளிகளோடு கட்டிய பிறகு கருத்தரங்குகளுக்குப் பஞ்சமே இல்லை. அழைப்பிதழில் பத்து உபதலைப்புகள், பையில் ஒரு குறிப்பேடு, மாலையில் சான்றிதழ். மறுநாள் எவருடைய வகுப்பிலும் எதுவும் மாறியிருக்காது. மாற வேண்டிய கட்டாயம் இல்லாததால்தான்.

கட்டாயம் வரக்கூடிய அறிகுறிகள் இடையில் சில தெரிந்தன. 2009-ல் இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் சமுதாயக் கல்லூரித் திட்டம் ஒன்றைத் தொடங்கியது. இரண்டாண்டில் ஓர் இணைப் பட்டம், அதன் மேல் பட்டப்படிப்பு என்று ஏணி வைத்த முதல் முயற்சி அது. சில ஆண்டுகளிலேயே அது நின்றுபோயிற்று. பின்பு மானியக் குழு ஏற்கெனவே இருக்கும் கல்லூரிகளுக்குள்ளேயே சமுதாயக் கல்லூரிகளை நடத்த நிதி தந்தது. 2013 டிசம்பரில் தேசியத் திறன் தகுதிக் கட்டமைப்பு அறிவிக்கப்பட்டது. அடுத்து வந்த தொழிற்கல்விப் பட்டத்தில், பேச்சுவழக்கில் பி.வோக், 60 விழுக்காடு திறன், 40 விழுக்காடு பொதுக்கல்வி என்று வகுத்தார்கள். அந்த 40-ல்தான் நம் இரண்டு பாடங்களுக்கு இடம். ஒரு நிறுவனத்தின் மதிப்பீட்டு அலகை மற்றொன்று ஏற்க வேண்டும் என்ற பேச்சு காகிதத்திலாவது வந்துவிட்டது. நடைமுறையில் மாணவர் ஒரு கல்லூரியிலிருந்து இன்னொன்றுக்குத் தாள்களோடு மாறுவது இன்னும் அபூர்வம்தான், ஆகவே சங்கமும் இன்னும் வரவில்லை.

2023-ல் தமிழ்நாடு உயர்கல்வி மன்றம் மாநிலம் முழுமைக்கும் பொதுப் பாடத்திட்டம் ஒன்றை முன்வைத்தது என் வாதத்துக்கு ஓர் உரைகல். மதுரையும் கொடைக்கானலும் ஒரே தாளைக் கற்பிக்க வேண்டும் என்றால், தாளில் என்ன இருக்கிறது என்று இரு இடத்து ஆசிரியர்களும் பேசியாக வேண்டும். எதிர்ப்பு கிளம்பியது. ஆனால் பொதுவெளியில் ஓங்கி ஒலித்தவை ஆசிரியர் சங்கங்களின் குரலும் தன்னாட்சிக் கல்லூரிகளின் குரலும்தான். பாடத்திட்டம் எழுதும் உரிமை யாருக்கு என்பதே விவாதம். நியாயமான விவாதம், பல்கலைக்கழகத் தன்னாட்சியின் பக்கம் வலுவான காரணங்களும் இருந்தன. ஆனால் சமூகவியல் அறிமுகத் தாளில் சாதி பற்றிய அலகுக்கு எத்தனை மணி நேரம், உளவியல் தாளில் செய்முறை உண்டா இல்லையா என்ற தளத்துக்கு அந்த விவாதம் இறங்கவில்லை. இறக்குவதற்கு ஒரு மேடை முன்கூட்டியே இருந்திருக்க வேண்டும். பொதுப் பாடத்திட்டம் மேலிருந்து வந்தால் மேடை கிடைக்காது, ஆணைதான் கிடைக்கும் என்பார்கள் இதை எதிர்ப்பவர்கள். அவர்கள் சொல்வதில் பாதி சரி. அமெரிக்காவில் ஒப்புதல் தேவை கீழிருந்து, மாறிச் செல்லும் மாணவர்களிடமிருந்து வந்தது. இங்கே அது சென்னையிலிருந்து சுற்றறிக்கையாக வருகிறது. சுற்றறிக்கைக்கு ஆசிரியர் காட்டும் இயல்பான எதிர்வினை தொழிற்சங்க எதிர்வினைதான். சமுதாயக் கல்லூரியில் படித்த அந்தப் பெண் தன் வாழ்க்கைத் திறன் தாளோடு ஜி.டி.என்.-னிலோ காந்திகிராமத்திலோ இரண்டாம் ஆண்டில் சேரலாம் என்ற ஏற்பாடு வரட்டும், அந்தத் தாளில் என்ன இருக்கிறது என்று மூன்று கல்லூரி ஆசிரியர்களும் ஒரே மேசையைச் சுற்றி உட்கார்வார்கள்.

அடுத்த இதழில், 1959-ல் காந்திகிராமத்தை மையமாகக் கொண்டு ஆத்தூர் வட்டாரத்தில் தொடங்கிய சுகாதார முன்னோடித் திட்டத்துக்குப் போகலாம். தாயின் முடிவை மாமியாரும் ஊர்ப் பெரியவரும் எப்படித் தீர்மானிக்கிறார்கள் என்பதை அங்கே பட்டம் பெற்ற சமூகவியலாளர்களுக்கு முன்பே ஊர் நர்சுகள் அறிந்து வைத்திருந்தார்கள்.